ரீம் மானுக்குக் கூட்டிய முற்றம்

வாழ்நாள் முழுக்கத் துனிஸ் கப்பலுக்குச் சாமான் ஏற்றி இறக்கியவர் சிஞ்ஞோர் சால்வோ. ஒரு நாளாவது அதில் ஏறிப் போனதில்லை. பலேர்மோ துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிய மனிதர், ஓய்வு பெற்ற பிறகு பெரிய கமரா ஒன்று வாங்கி, பால்கனியில் வந்து இருக்கும் புறாக்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். சகாராவுக்கு மான் பார்க்கப் போகிறோம், வருகிறீர்களா என்று நான் கேட்டபோது அவர் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்.

"அங்கை கோப்பி ஒழுங்காக் கிடைக்குமோ?"

அவர் கேட்டது சிசிலிய மொழியில். பலேர்மோவில் வளர்ந்தவன் என்றாலும் அந்த மொழியின் பகிடியை எனக்கு எங்கள் தமிழில்தான் எழுத வருகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் சிசிலியரும் துனீசியரும் மன்னார்க்காரர் மாதிரியே கதைப்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை செய்யும் பயண நிறுவனம் சின்னது. துனீசியாவின் தெற்குப் பாலைவனத்தில் இருக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் சரணாலயங்களுக்கும் பலேர்மோவில் இருந்து ஆட்களைக் கூட்டிப்போக முடியுமா என்று பார்த்து வர என்னை அனுப்பினார்கள். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தவன் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்த முதல் ஆள் நான். "படிச்ச ஆக்களுக்கு எல்லாம் பிடிக்கும். சாதாரண ஆக்கள் ரெண்டு பேரைக் கொண்டுபோய்க் காட்டிப்போட்டு வா" என்றார் முதலாளி. ஒருவர் அவருடைய தாய்மாமன் சால்வோ. மற்றவர் என் அம்மா.

அம்மா வேலை செய்த வீட்டு எஜமானி, வயதான சிஞ்ஞோராவை அப்போதுதான் மகள் வந்து மிலானோவுக்குக் கூட்டிப் போயிருந்தார். வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்த நாளில் இருந்து அம்மாவின் கைக்கு வேலை இல்லை. எங்கள் அறையைத் துடைத்தார். மாடிப்படியைத் துடைத்தார். கீழ்வீட்டுக்காரியின் வாசலையும் துடைத்து, அவளிடம் ஒரு சந்தேகப் பார்வை வாங்கிக்கொண்டு வந்தார்.

"அம்மா, கொஞ்ச நாள் சும்மா இருந்து மான் பாப்பம், வாங்கோ" என்றேன்.

"மான் பாக்கிறதுக்கு ஆரும் காசு குடுப்பினமோ?"

"குடுப்பினம். அதாலைதான் எனக்குச் சம்பளம் வருது."

"மன்னாரிலை வெள்ளைக்காரர் கழுதையைப் படம் எடுத்துக்கொண்டு திரிஞ்ச மாதிரி" என்று சொல்லி அம்மா சிரித்தார். ஆனால் மறுநாளே பயணப்பைக்குள் சம்பல் போத்தல் போய்விட்டது.

கப்பல் கிளம்பியதும் சால்வோ மேல்தட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பாரந்தூக்கிகள் சின்னதாகி, பெல்லெகிரினோ மலை ஒரு பக்கமாகச் சாய்ந்து போவது போல இருந்தது. "இவ்வளவு காலமும் கப்பல் போறதைத்தான் பாத்தனான். பலேர்மோ போறதை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றார். அம்மா சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்தார். பிட்டும் பொரித்த மீனும் சம்பலும். சால்வோ ஒரு வாய் சம்பலை வைத்துவிட்டு, கண் கலங்கியது கடல் காற்றால் என்று எங்களுக்கு விளங்கப்படுத்தினார். கடைசியில் சியாகுல்லி மண்டரின் தோடம்பழம். பருவத்தின் முடிவில் வருகிறவை. தோல் தளர்ந்து, தொட்டாலே மணக்கும்.

அந்த மணம்தான் எனக்குப் பலேர்மோவின் முதல் மணம். எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது அம்மா என்னை மன்னாரில், பேசாலையில், சின்னம்மாவிடம் விட்டுவிட்டு இத்தாலிக்கு வந்தார். அப்பா அதற்கு முன்பே கடலில் இறந்து போயிருந்தார். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி கிடைத்து, கெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் வரிசையில் நின்று நின்று, என்னைக் கூப்பிடும் கடதாசிகள் சரிவந்தபோது எனக்குப் பதினொரு வயது. விமான நிலையத்தில் நின்ற பெண்ணின் முகம் எனக்குப் பிடிபடவில்லை. குரல் மட்டும் தெரிந்தது. அவர் கைப்பையில் இருந்து ஒரு மண்டரினை எடுத்து, உரித்து, என் வாய்க்குள் வைத்தார். பலாரோ சந்தைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் எதையாவது உரித்துத் தின்றுகொண்டே கதைத்தோம். என்னவெல்லாம் கதைத்தோம் என்று இப்போது நினைவில்லை. சந்தையில் கூவுகிறவனைப் போல நான் கூவிக் காட்ட, அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது நினைவிருக்கிறது. இடையில் போன அந்த ஆறு வருடங்களைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை என்பதும் நினைவிருக்கிறது.

துனீசியாவில் எங்கள் முதல் சாப்பாடு, தெற்கே போகும் வழியில் ஒரு கடையில். முட்டையை மெல்லிய மாவுக்குள் மடித்துப் பொரித்துத் தந்தார்கள். கடிக்கத் தெரியாமல் கடித்தால் மஞ்சள் கரு சட்டையில் வழியும். சால்வோவின் சட்டையில் வழிந்தது. பக்கத்தில் சிவப்பாக ஒரு மிளகாய் விழுது. அம்மா விரலில் தொட்டு நாக்கில் வைத்து, "உதுக்குள்ளை உள்ளி கூடிப்போச்சு, ஆனால் ஆள் பிழையில்லை" என்றார். பலேர்மோவில் இருந்து வருகிறோம் என்று தெரிந்ததும் மேசைக்கு மேசை பேச்சு மாறியது. ஒருவருடைய மைத்துனன் அங்கே மீன் சந்தையில். இன்னொருவருடைய மகன் பக்கத்துப் பகேரியாவில் கட்டட வேலை. "நாங்கள் அங்கை வேலைக்கு வாறம், நீங்கள் இஞ்சை மணல் பாக்க வாறியள். நல்ல பண்டமாற்று" என்றார் கடைக்காரர். நக்கல்தான், ஆனால் தேத்தண்ணிக்குக் காசு வாங்கவில்லை.

அன்று பார்த்தது உப்பு ஏரி. கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளை. நடுவில் ஒரு தெரு. மழை விட்டுப்போன தண்ணீரில், தூரத்தில் கொஞ்சம் பூநாரைகள் நின்றன. "மன்னார்ப் பாலத்திலை போற மாதிரிக் கிடக்கு" என்றார் அம்மா. எனக்கு அந்தப் பாலம் நினைவில்லை. பஸ் யன்னலில் அடித்த உப்புக்காற்று மட்டும் நினைவிருந்தது. அதே மணம். தெருவோரத்தில் ஒரு ஆள், பெரிய காது வைத்த குட்டி நரி ஒன்றைக் கயிற்றில் கட்டி வைத்திருந்தார். காசு கொடுத்தால் மடியில் தூக்கிப் படம் எடுக்கலாம். சால்வோ கமராவைத் தூக்கினார். பகல் முழுக்க வளைக்குள் கிடக்கவேண்டிய சீவன் அது, படம் எடுக்க எடுக்க இன்னும் நாலு நரியைப் பிடித்து வருவார்கள் என்று சொன்னேன். அவர் கமராவை இறக்கிவிட்டு நரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "துறைமுகத்திலையும் இப்பிடி ஒரு பெடியனை வேலைக்குக் கட்டி வச்சிருந்தவங்கள், என்னைத்தான்" என்றார். அந்த நிறுத்தத்துக்கு எங்கள் ஆட்களைக் கொண்டுவருவதில்லை என்று அங்கேயே முடிவெடுத்தேன்.

இரவு தங்கிய விடுதியில் ஒரு சின்னப் பிரச்சினை. காலையில் அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண், அழாத குறையாக மனேச்சரிடம் ஓடினார். போய்ப் பார்த்தால், நாங்கள் கோப்பி குடிக்கப் போன நேரத்தில் அம்மா மூன்று அறைக் கட்டில்களின் விரிப்பையும் உருவி மடித்து, குளியலறையைத் தேய்த்துக் கழுவி, கண்ணாடியைப் பழைய பேப்பரால் பளபளக்க வைத்திருந்தார். தன் வேலையில் குறை கண்டுதான் இப்படிச் செய்தோம் என்று அந்தப் பெண் பயந்துவிட்டார். அம்மா அவருடைய கையைப் பிடித்து, "நானும் உங்கடை வேலைதான், பிள்ளை. கை கேக்குதில்லை" என்று தமிழிலேயே சொன்னார். அந்தப் பெண்ணுக்கு என்ன விளங்கியதோ, போகும்போது அம்மாவுக்கு ஒரு பை ஈச்சம்பழம் தந்தார்.

"சிஞ்ஞோரா தெரேசா, உங்களுக்கு ஆராவது விடுமுறை எண்டா என்ன எண்டு படிப்பிச்சவையோ?" என்று சால்வோ அம்மாவிடம் கேட்டார்.

"படிப்பிக்க வந்தவை எல்லாரும் வீட்டைக் கூட்டச் சொல்லிப்போட்டுத்தான் போனவை."

மறுநாள் போன பூங்காவில் மணல் இல்லை. முள்மரமும் புல்லுமாக நீண்ட வெளி. ஒரு காலத்தில் இங்கே ஒன்றும் மிஞ்சாமல் சுட்டுத் தின்றுவிட்டு, பிறகு வெளிநாட்டு விலங்குக்காட்சிச் சாலைகளில் இருந்து திரும்பக் கொண்டுவந்து விட்ட விலங்குகள். வாள் போல நீண்ட கொம்புகளோடு வெள்ளை ஒரிக்ஸ் மான் கூட்டம் ஒன்று மரநிழலில் நின்றது. நாங்கள் ஜீப்பை நிறுத்தினோம். அவையும் எங்களைப் பார்த்தன. அம்மா மெதுவாக, "இதுகளைக் கப்பலிலையோ கொண்டுவந்தவை?" என்றார். விமானத்தில் என்றேன். "பாவம். இறங்கேக்கை ஆரெண்டும் தெரிஞ்சிராது."

நான் சொல்ல வந்த கதை அதற்கு அடுத்த பூங்காவில் நடந்தது. அதுதான் சரியான மணல் பாலைவனம். வழியில் ஜீப் மணலில் புதைந்தது. சால்வோ இறங்கி, துறைமுகத்தில் பாரந்தூக்கிக்குக் காட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் சைகை காட்டத் தொடங்கினார். டயர்க் காற்றை இறக்கிவிட்டு, வாடகை ஜீப்காரர் முடுக்க, நானும் அம்மாவும் பின்னால் நின்று தள்ள, ஜீப் வெளியில் வந்து, சால்வோவின் காலுக்குப் பக்கத்தில் நின்றது. "என்னாலைதான் வந்தது" என்றார். ஒருவரும் மறுக்கவில்லை.

அங்கே எங்களை எதிர்கொண்டவர் ஹபீப், பூங்காக் காவலர். என் வயதுதான் இருக்கும். கடற்கரை ஊரில் பிறந்து, வீட்டுக் கூரை அன்ரெனாவில் இத்தாலியத் தொலைக்காட்சி பார்த்தே இத்தாலியன் படித்தவர். அந்தப் பூங்காவின் சிறப்பு ரீம் என்று அழைக்கப்படும் மான். மணலின் நிறமே அதற்கும். ஆட்டுக்குட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, மெல்லிய கொம்பு. வேலி அடைப்புக்குள் ஒரு கூட்டத்தை வளர்த்து, பழகிய சிலதை வெளியே விட்டிருந்தார்கள். கூடாரங்களில் இருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதற்கு எதிரே ஓலையால் கட்டிய மறைப்பு. அதற்குள் இருந்து, ஓட்டை வழியாக, தண்ணீருக்கு வரும் மானைப் பார்க்கலாம். எங்கள் மாதிரி ஆட்கள் வருவது அதற்காகத்தான்.

ஹபீப்பின் முகத்தில் சிரிப்பில்லை. மாலைத் தேத்தண்ணியின்போது காரணத்தைச் சொன்னார். வெளியே விட்டவற்றில் ஒரு பெண்மான் சினையாக இருந்தது. இப்போது வயிறு இறங்கிவிட்டது. ஆனால் குட்டியை ஒருவரும் காணவில்லை. குட்டி செத்துவிட்டது என்பது மிருக வைத்தியரின் கணிப்பு. ஊர் நாய்களின் தொல்லை வேறு. அதனால் கோடை வருவதற்குள் அந்த மானைப் பிடித்து வேலிக்குள் விட, நாளை மறுநாள் காலை லொறி வருகிறது.

"குட்டி உயிரோடை இருந்தா?" என்று கேட்டேன்.

"தாயைக் கொண்டுபோனா அது அண்டைக்கே செத்திடும். இருக்கெண்டுதான் என்ரை மனம் சொல்லுது. மனத்தை டொக்டருக்குக் காட்டேலாது. காலடியைக் காட்டலாம். காத்து இப்பதான் அடங்கியிருக்கு. விடிய வந்து தொட்டியடியிலை தடம் பாக்கவேணும். ஒருத்தரும் அந்தப் பக்கம் மிதிச்சுப் போடாதேங்கோ."

நான் அதைச் சால்வோவுக்கு விளக்கமாகச் சொன்னேன். அம்மா அந்த நேரம் சமையல்காரனோடு தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

விடிந்ததும் ஹபீப்பின் சத்தம் கேட்டு ஓடினேன். அவர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். தொட்டியைச் சுற்றி மணல் சுத்தமாகக் கூட்டப்பட்டிருந்தது. விசிறி விசிறியாக, ஒன்றுக்குள் ஒன்று, ஒரு காலடி கூட இல்லாமல். கூட்டியவரின் காலடியும் இல்லை. ஆட்டுப் புழுக்கை, ஒட்டகச் சாணம், சுள்ளி எல்லாம் ஒரு மூலையில் குவியலாக இருந்தது. குவியலுக்குப் பக்கத்தில் அம்மா, சமையல்கூடத்து ஈச்சோலை விளக்குமாற்றோடு, பாராட்டுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றார்.

"ஆக்கள் வந்திருந்து பாக்கிற இடம், தம்பி. எவ்வளவு ஊத்தை. விடிய எழும்பினால் முத்தம் கூட்டாமல் எப்பிடி?"

தடம் பார்க்கிற விஷயத்தை நான் சொன்னேன். எப்படிச் சொல்லி முடித்தேன் என்று தெரியவில்லை. அம்மா விளக்குமாற்றைக் கீழே வைத்தார். வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை. ஹபீப் அம்மாவைப் பார்த்துக் கத்தவில்லை, கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறைப்புக்குள் போய்த் தரையில் இருந்துவிட்டார். சால்வோ அவருக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்தார். பலேர்மோவில் இருந்து தூக்கி வந்த கேத்தலில் போட்டது. அவர் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

அன்று பகல் அம்மா கூடாரத்தை விட்டு வெளியே வரவில்லை. மத்தியானம் ரவைப் பிட்டு மாதிரியான குஸ்குஸ் கொண்டு போனேன். சிசிலியில், ட்ராபனியில், அதை மீனோடு தருவார்கள். இங்கே ஆட்டிறைச்சியும் பூசணியும். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "குட்டி எண்டா தாயோடைதானே வரும். தாய் தண்ணிக்கு வரேக்கை கண்டிருப்பினமே" என்றார்.

"இல்லை அம்மா. இந்த மான் குட்டியைக் கூட்டிக்கொண்டு திரியாது. பிறந்து கன நாளைக்கு ஒரு புதருக்குள்ளை படுக்க விட்டிட்டுப் போயிடும். தூரப் போய் மேயும். பால் குடுக்க மட்டும் வரும்."

"தனிய விட்டிட்டோ?"

"ஓம். பக்கத்திலை நிண்டா நாயும் நரியும் தாயைக் கண்டு குட்டியைக் கண்டுபிடிச்சிடும். தூரப் போறதுதான் அதுக்குக் காவல். குட்டி மூச்சுக் காட்டாமல் படுத்திருக்கும்."

அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சாப்பாடு ஆறுது, நீ போய்ச் சாப்பிடு" என்றார்.

பொழுது சாயும் நேரம் ஹபீப் எங்கள் கூடாரத்துக்கு வந்தார். கையில் அந்த விளக்குமாறு. அவர் அதைக் கொண்டுவந்த விதத்தைப் பார்த்து எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

"வந்து பாருங்கோ" என்று எங்களைத் தொட்டியடிக்குக் கூட்டிப் போனார். அம்மா கூட்டிய மணலில் ஒரு வண்டு நடந்து போயிருந்தது. அதன் ஆறு காலும் தனித்தனியாக, நூலால் தைத்த மாதிரித் தெரிந்தது. "நாங்கள் டயரைக் கட்டி இழுத்துத்தான் மணலை மட்டமாக்கிறது. அதிலை ஒட்டகம் நடந்தால்தான் தெரியும். அந்த மான் பாரமில்லாதது. ஆடும் ஒட்டகமும் மிதிச்ச இடத்திலை அதின்ரை காலடியை நான் இவ்வளவு நாளும் தேடிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்." பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். "உம்மி, இருட்ட முன்னம் திருப்பிக் கூட்டுவியளோ? தொட்டியடி மட்டும் காணாது. அந்தா தெரியிற புதர்ப் பக்கம் போற வழி எல்லாம்."

உம்மி என்றால் அம்மா. அது அம்மாவுக்குச் சொல்லாமலே விளங்கியது.

"ஒரு விளக்குமாறு காணாது" என்றார் அம்மா.

நாங்கள் ஈச்சோலையைக் கட்டி இன்னும் மூன்று செய்தோம். அந்த மாலையை எப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். சூரியன் சரிய, மணல் செம்மஞ்சளாக, நாலு பேர் சகாராவைக் கூட்டிக்கொண்டிருந்தோம். அம்மா மேஸ்திரி.

"சிஞ்ஞோர் சால்வோ, பின்னுக்குப் போய்க்கொண்டு கூட்டவேணும். முன்னுக்குப் போனால் உங்கடை சப்பாத்துத்தான் விடியக் கிடக்கும்."

"நான் பாரந்தூக்கி ஓட்டினவன், சிஞ்ஞோரா."

"அதுதான் தெரியுதே. பாரமாக் கூட்டாதேங்கோ. தடவுங்கோ."

"என்ரை மனிசி உயிரோடை இருந்து இதைப் பாத்திருக்கவேணும். நான் விளக்குமாறு பிடிச்சதை நம்பாமல் திருப்பிச் செத்திருப்பாள்."

ஹபீப் சிரித்ததை அப்போதுதான் முதலில் கண்டேன். இலையே இல்லாமல் ஈர்க்கு ஈர்க்காக நின்ற புதர்களில் வெள்ளைப் பூ பூத்திருந்தது. புதருக்குக் கிட்டப் போகாமல், தொட்டியில் இருந்து அந்தப் பக்கமாக அகலமாக ஒரு பட்டையைக் கூட்டி முடித்தோம். அன்று இரவு ஒருவரும் கூடாரத்தை விட்டு வெளியே வருவதில்லை என்று ஹபீப் எல்லோரிடமும் வாக்கு வாங்கினார். அம்மாவிடம் விளக்குமாற்றையும் வாங்கிக்கொண்டார்.

விடியும்போது லொறி வந்துவிட்டது. மிருக வைத்தியர் உயரமான மனிதர், தூக்கம் போதாத கண். பின்னால் வலையும் மரக்கூடும். ஹபீப் அவரைக் கையைப் பிடிக்காத குறையாகத் தொட்டியடிக்குக் கூட்டி வந்தார். நாங்கள் கொஞ்சம் பின்னால் நின்றோம்.

தடங்கள் அவ்வளவு தெளிவாக இருந்தன, எனக்கே வாசிக்க முடிந்தது. சில மான்கள் வடக்கே இருந்து வந்து, தண்ணீர் குடித்து, மேய்ச்சல் பக்கமாகப் போயிருந்தன. வந்த வழியில் ஒன்றும் திரும்பவில்லை. ஒன்றே ஒன்று மட்டும், சின்னக் குளம்பு, புதர்ப் பக்கம் இருந்து வந்து, குடித்து, அதே புதருக்குத் திரும்பியிருந்தது. அங்கிருந்து தூர வெளிக்குப் போய், வேறு வழியால் மறுபடியும் அதே புதருக்கு வந்திருந்தது. புதருக்குக் கிட்ட மட்டும் தன் காலடி மேலேயே கால் வைத்து. குட்டியின் தடம் எங்கேயும் இல்லை.

வைத்தியர் குந்தியிருந்து நெடுநேரம் பார்த்தார். பேசினால் கெட்டுவிடும் என்று பயந்தவர் மாதிரி ஹபீப் நின்றார்.

"மேயிறதுக்கு ஒண்டுமில்லாத இடம் அது. என்னத்துக்குத் திருப்பித் திருப்பி வருது?" என்று வைத்தியர் தனக்குத்தானே சொன்னார். பிறகு எழும்பினார். "இருக்கலாம். ஆனால் நான் கண்ணாலை பாக்கவேணும். போய்ப் புதரை விலக்கிப் பாத்திட்டு வருவம்."

சால்வோ கமராவின் மூடியைக் கழற்றினார். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆசைதான். ரீம் குட்டியைப் பக்கத்தில் பார்த்தவர்கள் உலகத்தில் எத்தனை பேர்? ஹபீப் தயங்கித் தயங்கி ஒரு அடி வைத்தார்.

"ஒருத்தரும் போகாதேங்கோ."

அம்மா. தமிழில் சொன்னார், பிறகு இத்தாலியனில் சொன்னார். டொத்தோரே என்று மரியாதையாகக் கூப்பிடப்படும் ஒருவரிடம் அம்மா குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. "அது படுத்திருக்கு. ஆக்கள் வந்தால் எழும்பி ஓடும். ஓடினால் தாய் வந்து எங்கை தேடுறது? அது விட்ட இடத்திலைதானே தேடும்."

வைத்தியர் அம்மாவைப் பார்த்தார். இது யார் என்று ஹபீப்பிடம் கேட்டார்.

"இந்த மணலைக் கூட்டினவா."

வைத்தியர், அம்மா கூட்டிய பட்டையை ஒரு முறை பார்த்தார். பிறகு லொறியில் இருந்து தொலைநோக்கியை எடுத்துவரச் சொன்னார்.

எல்லோரும் ஓலை மறைப்புக்குள் ஒடுங்கி இருந்தோம். வெயில் ஏறியது. லொறிக்காரன் நித்திரையாகிவிட்டான். சால்வோவின் முழங்கால் வலித்தது. அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை, அதுவே ஒரு அதிசயம். நான் பல்கலைக்கழகத்தில் இந்த விலங்கைப் பற்றி எழுதிய பரீட்சையை நினைத்துக்கொண்டிருந்தேன். நல்ல புள்ளி. ஆனால் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அதில் கேட்கவில்லை.

அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. மணலில் ஒரு துண்டு எழும்பி நடந்தது போல, புதருக்கு அந்தப் பக்கம் நின்றது. காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டது. பிறகு புதருக்குப் பின்னால் போய்த் தலையைக் கீழே கொண்டுபோனது. எங்களுக்குத் தெரிந்தது முதுகும் வாலும்தான். நக்கிக் கொடுக்கிற மாதிரிக் கழுத்து மெதுவாக ஆடியது. வேறு அசைவில்லை. அப்படியே நின்றது. அவ்வளவு நேரம் ஒரு மான் திறந்த வெளியில் ஒரே இடத்தில் நிற்காது.

சால்வோ படம் எடுக்கவில்லை. கமரா சத்தம் போடும் என்று பயந்ததாகப் பிறகு சொன்னார்.

மான் தலையைத் தூக்கியது. சுற்றிப் பார்த்தது. வந்த வழியைப் பார்க்காமல் வெளிப்பக்கமாக நடந்தது. ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை; கொஞ்ச நேரத்தில் மணல் எது, மான் எது என்று தெரியாமல் போனது.

வைத்தியர் தொலைநோக்கியை மடக்கினார். "லொறியைத் திருப்பச் சொல்லு" என்றார் ஹபீப்பிடம். "கோடை முடியட்டும். பிறகு ரெண்டு பேராப் பாப்பம்."

ஹபீப் எழும்பி நின்றார், இருந்தார், மறுபடி எழும்பினார். சால்வோவைக் கட்டிப்பிடித்தார், என்னைக் கட்டிப்பிடித்தார். அம்மாவிடம் வந்தபோது மட்டும் கையை நெஞ்சில் வைத்துக் குனிந்தார்.

அன்று மத்தியானமே நாங்கள் வடக்கே திரும்ப வேண்டியிருந்தது. ஹபீப் பூங்கா ஜீப்பில் தார்த் தெரு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். முன்னால் இருந்த சால்வோ, "ஊருக்குப் போய் ஆக்கள் குட்டியைக் காட்டு எண்டா என்னத்தைக் காட்டுறது? ஒரு புதரைத்தான் காட்டலாம்" என்று புலம்பிக்கொண்டே வந்து, அப்படியே உறங்கிவிட்டார். முதலாளிக்கு என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். மான் பார்க்கப் போய், அதன் குட்டியைப் பார்க்காமல் வருவதற்கு ஆட்களைக் கூட்டிவரலாம் என்று எப்படி எழுதுவது?

பின்னால் அம்மா எனக்குப் பக்கத்தில் இருந்தார். யன்னலுக்கு வெளியே மணல் குறைந்து முட்செடி வரத் தொடங்கியிருந்தது. அவர் அதைப் பார்த்தபடியே சொன்னார்.

"நான் வெளிக்கிட்ட அண்டு நீ நித்திரை. எழுப்பினால் அழுவாய் எண்டு எழுப்பேல்லை."

பேசாலையில், சின்னம்மா வீட்டில், விடிய முன்னம். அதைத்தான் சொல்கிறார் என்று விளங்க எனக்கு ஒரு கணமும் எடுக்கவில்லை. அத்தனை வருடத்தில் முதல் தடவை.

"நான் நித்திரை இல்லை, அம்மா" என்றேன். "முழிச்சுத்தான் கிடந்தனான்."

அம்மா என் பக்கம் திரும்பினார்.

"தெரியும், ராசா. உன்ரை கண்மடல் துடிச்சுக்கொண்டு கிடந்தது. நீ அப்பிடி ஆடாமல் அசையாமல் கிடந்தபடியால்தான் என்னாலை போக முடிஞ்சது."